டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

நண்பர் ஒருவரும் அவர் மகனும் சிட்னி பொட்டனி குடாவில் மீன்பிடிக்கப் போனார்கள். சிறிய படகு, பழைய டூ ஸ்ட்ரோக் வெளியிணைப்பு இயந்திரம். காலியாக இருந்த தாங்கியை, புல்வெட்டும் இயந்திரத்துக்கென வைத்திருந்த பெற்றோலால் மகன் நிரப்பியிருந்தான். நடுக்குடாவில் இயந்திரம் இறுகி நின்றுவிட்டது. வேறொரு படகுக்காரர்தான் இருவரையும் கரைக்கு இழுத்து வந்தார். அந்தப் பெற்றோலில் ஒயில் கலந்திருக்கவில்லை. அவ்வளவுதான் பிழை.

எந்தப் பெற்றோல் இயந்திரத்திலும் நான்கு வேலைகள் நடக்கின்றன. காற்றும் பெற்றோலும் உள்ளே வரவேண்டும், அமுக்கப்படவேண்டும், எரிந்து பிஸ்டனைத் தள்ளவேண்டும், புகை வெளியேறவேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இதற்குப் பிஸ்டன் நான்கு தடவை ஓடுகிறது. சுழல்தண்டு இரண்டு முறை சுற்றுகிறது. டூ ஸ்ட்ரோக்கில் இரண்டே ஓட்டம், ஒரே சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் உந்துதல் கிடைப்பதால் பாரம் குறைந்த இயந்திரமே நல்ல இழுவை தரும். ஊரில் யமஹா ஆர்.எக்ஸ். 100 ஓட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆனால் சாதாரண டூ ஸ்ட்ரோக்கில் பெற்றோல் கலவை சுழல்தண்டு இருக்கும் அறை வழியாகத்தான் மேலே போகிறது. ஆகவே அங்கே ஒயிலைத் தேக்கி வைக்க முடியாது. பெற்றோலோடு வரும் ஒயில்தான் உராய்வைத் தடுக்கிறது. கலவை 50க்கு 1 என்றால் 10 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர் ஒயில். தனி ஒயில் தாங்கி உள்ளவற்றில் இயந்திரமே கலந்துகொள்ளும்.

இன்னொரு குறை, புகையைத் தள்ளும்போதே புதிய கலவையும் சேர்ந்து வெளியேறுவது. பழைய கார்புரேட்டர் வகையில் பெற்றோலில் கால்பங்கு வரை எரியாமலே போகும். படகென்றால் அது தண்ணீரில்தான் கலக்கும். பேர்த் நகரின் ஓர்பிட்டல் நிறுவனம் உருவாக்கிய நேரடி எரிபொருள் செலுத்தும் முறை இதைப் பெரிதும் குறைத்தது. ஆனால் அவுஸ்திரேலியாவில் வெளியேற்றத் தரச் சான்று இல்லாத புதிய வெளியிணைப்பு இயந்திரங்களை 2018 யூலை 1 முதல் இறக்குமதி செய்யவோ, 2019 யூலை 1 முதல் விற்கவோ முடியாது. ஏற்கனவே நம்மிடம் உள்ளவற்றை இச்சட்டம் தடுக்கவில்லை.

ஃபோர் ஸ்ட்ரோக் தன் ஒயிலைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும். சத்தமும் பெற்றோல் செலவும் குறைவு. இங்கே தபால்காரர்கள் நெடுங்காலம் ஓட்டிய ஹொண்டா சிடி 110 இந்த வகைதான். ஆனால் பாரமும் விலையும் கூட. ஒயில் மட்டத்தைப் பார்க்கவேண்டும், உரிய காலத்தில் மாற்றவேண்டும். கழற்றிய வெளியிணைப்பு இயந்திரத்தைப் பிழையான பக்கம் சரித்து வைத்தால் ஒயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

மலிவாக வருகிறதென்று பழைய டூ ஸ்ட்ரோக் வாங்குவதில் தவறில்லை. ஆனால் வீட்டில் இரண்டு பெற்றோல் கேன்கள் இருந்தால், எதில் ஒயில் கலந்திருக்கிறது, என்ன அளவில் என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். வீதியில் நின்றால் தள்ளிக்கொண்டு வரலாம், கடலில் முடியாது.