எலும்புத் தேய்மானம் என்று தேடினால் கிடைப்பது என்ன?

உம்மாவுக்கு எலும்பு மெலிந்துவிட்டது என்று வைத்தியர் சொன்னதும் பிள்ளைகள் யூடியூப்பில் "எலும்புத் தேய்மானம்" என்று தேடுகிறார்கள். சிக்கல் அந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது. நாம் இரண்டு நோய்களை அந்தப் பெயரால் அழைக்கிறோம். ஒன்று மூட்டின் குருத்தெலும்பு தேய்வது. நடந்தால் முழங்கால் நோகும். மற்றது எலும்புப்புரை, அதாவது ஒஸ்டியோபொரோசிஸ். எலும்பின் அடர்த்தி குறையும், ஆனால் வலி இருக்காது. மழைக்கு வழுக்கும் தோட்டத்துப் படியில் விழுந்து மணிக்கட்டோ இடுப்போ முறிந்த பிறகுதான் பலருக்குத் தெரியவரும்.

இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் வட்ஸ்அப்பில் சுற்றுபவற்றில் நான் பார்த்தவை அநேகமாக முழங்காலுக்கான எண்ணெயும் தூளும்தான். அவை எலும்பின் அடர்த்தியைக் கூட்டாது. சில கெடுதலும் செய்யும். மூட்டுவலிக்கென்று விற்கப்பட்ட "ஆர்ட்ரி கிங்" என்ற மாத்திரையில், லேபிளில் குறிப்பிடாத டெக்ஸாமெதசோன் கலந்திருந்ததாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது. அது ஸ்டீரொய்ட், நாட்பட எடுத்தால் எலும்பையே மெலிய வைக்கும்.

"எள்ளில் பாலைவிட எட்டு மடங்கு கல்சியம்" என்ற செய்தியையும் பார்த்திருப்பீர்கள். 100 கிராமுக்கு 100 கிராம் என்று பார்த்தால் தோல் நீக்காத எள்ளுக்கு அது சரிதான். ஆனால் யார் 100 கிராம் எள் தின்கிறார்கள்? ஒரு தேக்கரண்டியில் சுமார் 30 மில்லிகிராம், ஒரு கிளாஸ் பாலில் சுமார் 300. முள்ளோடு தின்னும் நெத்தலியும் நல்லது.

ஒரு வீடியோவை நம்பலாமா என்று பார்க்க நான் முதலில் கவனிப்பது, அது டெக்ஸா ஸ்கேன் பற்றிப் பேசுகிறதா என்பதைத்தான். அதில் வரும் டி-ஸ்கோர் -2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. அடுத்தது, கடைசியில் எதையாவது விற்கிறார்களா என்பது.

மாத்திரை தாடை எலும்பை அழுகச் செய்யும் என்ற பயமுறுத்தலால் மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு. அந்தப் பாதிப்பு இருப்பது உண்மை, ஆனால் மிக அரிது. பல் பிடுங்குவதற்கு முன் பல் வைத்தியரிடம் இந்த மாத்திரை பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

வாரம் ஒருமுறை போடும் அலென்ட்ரோனேட்டை வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அரைமணி நேரம் படுக்கக் கூடாது, தேநீர்கூடக் குடிக்கக் கூடாது. படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும்; பாலோ தேநீரோ சேர்ந்தால் மருந்து உடம்பில் சேராது. நோன்பு காலத்தில் இதை எப்படிப் போடுவது என்று சொல்லும் தமிழ் வீடியோ எதுவும் என் கண்ணில் படவில்லை. வைத்தியர் நோன்பு நோற்கலாம் என்றால், அந்த ஒரு நாள் ஸஹருக்குக் கொஞ்சம் முந்தி எழும்பி மாத்திரையைப் போட்டு, அரைமணி கழித்துச் சாப்பிடலாம். கல்சியம் மாத்திரையை அதோடு சேர்க்காமல் இஃப்தாருக்குப் பிறகு, சாப்பாட்டோடு எடுக்கலாம்.