கொங்குத் தெருக்கள் - 9: கம்பத்தடியிலிருந்து வ.உ.சி. மைதானம் வரை

தொண்டாமுத்தூர்ப் பக்கத்து ஊர்களில் மாரியம்மனுக்கு நோம்பி சாட்டிவிட்டால் அப்புறம் ராத்திரித் தூக்கம் கிடையாது. கோயில் வாசலில் முக்கவராகப் பிரிந்த கம்பத்தை நட்டு, மஞ்சள் பூசி, வேப்பிலை சுற்றிவிடுவார்கள். பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள். இருட்டியதும் இளவட்டங்கள் அதைச் சுற்றி ஆட இறங்குவார்கள். வட்டத்துக்கு வெளியே, மதிலோரமாக, வாத்தியக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். தோல் தளர்ந்திருந்தால் சத்தம் மங்கும். தீயில் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் காட்டி, முறுக்கேறியதும் எழுந்து நிற்பார்கள். கூடவே துடும்பு. இரண்டு குச்சிகளால் ஓங்கி அடிக்கும்போது அதன் அதிர்வு காதுக்கு முன்னால் நெஞ்சில் விழும். கடைசி வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் பெரியவர்கூட எழுந்து வந்துவிடுவார்.

வட்டம் கட்டி நிற்பது, அடிக்கு அடி எடுத்து வைப்பது, ஒருவர் ஓய்ந்து விலகினால் அடுத்தவர் நுழைவது, விடிய விடியக் கலையாமல் இருப்பது. கொங்கு நாட்டில் ஒரு பிள்ளை இதையெல்லாம் கம்பத்தடியில்தான் கற்றுக்கொள்கிறது. கோவைத் தெருக்களில் கோபத்தோடு இறங்கிய கூட்டங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வட்டம்தான் நினைவுக்கு வருகிறது.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்துச் சென்னை மெரினாவில் கூட்டம் திரண்ட அதே நாட்களில் கோவை வ.உ.சி. மைதானமும் நிரம்பியது. கல்லூரிப் பிள்ளைகள், ஐ.டி. கம்பெனி ஊழியர்கள், கைக்குழந்தையோடு வந்த குடும்பங்கள். பறை முழங்க ஆடினார்கள், பாடினார்கள், ராத்திரியும் அங்கேயே படுத்தார்கள். ஜல்லிக்கட்டைப் பற்றிய ‘டக்கரு டக்கரு’ பாடலைப் பாடிய ஹிப்ஹாப் தமிழா ஆதி கோவைக்காரர்தான்.

ஜல்லிக்கட்டு மதுரைப் பக்கத்தது. கொங்கின் சொந்த ஆட்டம் ரேக்ளா. லேசான சின்ன வண்டி, இரண்டு காளை, ஓட்டுபவர் ஒருவர். 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் குறித்து, ஒவ்வொரு வண்டியாக ஓடவிட்டு நேரத்தைக் கணக்கிடுவார்கள். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் சேர்த்தே நிறுத்தியது. வ.உ.சி. மைதானத்தில் இருந்த பிள்ளைகளில் பலர் மாட்டின் மூக்கணாங்கயிற்றைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். அவர்களுடைய தாத்தாவின் கட்டுத்தரையில் காங்கேயம் காளை ஒரு ஜோடி நின்றிருக்கும். இன்றைக்கு அந்தத் தோட்டம் சைட்டாகிவிட்டது. ஊரை விற்றுவிட்டு ஊருக்கு ஏங்குவதா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமில்லை. கிணறு வற்றி, கடன் ஏறி, வேறு வழியில்லாமல் விற்றவர் அப்பா, ஏங்குவது பேரன். அந்த ஏக்கத்தை வைத்துக்கொண்டு அவன் எங்கே போவான்? மைதானத்துக்கு வந்தான். ஜனவரி 21 அவசரச் சட்டம் வந்தது. 23 அன்று சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. அதே நாளில் போலீஸ் கூட்டத்தைக் கலைத்தது.

கோவைக்கு இது புதிதல்ல. அந்த மைதானத்துக்கு வந்தவர்களின் தாத்தாக்கள் 1972-இல் மாடுகளையே நகரத்துக்குள் ஓட்டி வந்தார்கள். இந்த மண்ணில் ஆற்றுப் பாசனம் கொஞ்சம்தான், கிணறுதான் கதி. கமலை ஓட்டிய காலத்தில் நீர் இறைக்கும்போதே பாட்டும் இருந்தது. மோட்டார் வந்ததும் கமலைப் பாட்டு நின்றது. மோட்டாரும் பம்பும் கோவைப் பட்டறைகளிலேயே தயாரானவை. அவற்றுக்கான மின்சாரத்தின் விலைதான் விவசாயியை நெரித்தது. 1970-இல் யூனிட்டுக்கு 8 காசு என்றிருந்ததை 10 காசு ஆக்கினார்கள். எதிர்த்த விவசாயிகளில் மூன்று பேர் ஜூன் 19 அன்று பெருமாநல்லூர் துப்பாக்கிச்சூட்டில் உயிர்விட்டார்கள். 1972-இல் மறுபடியும் உயர்த்தியபோது விவசாயிகள் தலைவர் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு கூப்பிட, ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு வந்து கோவையின் சாலைகளில் நிறுத்தினார்கள். நகரம் அசையவில்லை. தேருக்கும் சந்தைக்கும் பூட்டிய அதே வண்டி, அதே மாடு. ஒரு கல்லைக்கூட எடுக்காமல் ஒரு நகரத்தை நிறுத்த முடியும் என்று அன்றைக்குக் காட்டினார்கள். எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைக்க 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கொங்கின் வட்டத்துக்குள் பெண்கள் வந்த கதையையும் சொல்ல வேண்டும். முருகன் வள்ளியைக் காதலித்து மணந்த கதையைப் பாடி ஆடும் வள்ளி ஒயில் கும்மி ஆண்களிடமே இருந்தது. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்திரப்பன் அதைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 2024-இல், 87 வயதில், பத்மஸ்ரீ பெற்றார். இன்றைக்குச் சாயங்காலம் ஆனால் கோயில் மைதானங்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும் வரிசை கட்டி அடி பழகுகிறார்கள். பார்க்கவே மனசு நிறைகிறது. ஆனால் ஓர் அரங்கேற்ற மேடையில், சொந்தச் சாதிக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்வோம் என்று பெண்களை உறுதிமொழி எடுக்க வைத்த காணொளியும் பரவியது. எனக்கு அதை ஏற்க முடியவில்லை. வேடர் குடியில் வளர்ந்து, தினைப்புனம் காத்து, தன் மனசுக்குப் பிடித்தவனோடு போனவள் வள்ளி. அவள் பாட்டுக்கு ஆடும் பிள்ளைகளிடம் வாங்குகிற உறுதிமொழியா அது?

சாதி பற்றிப் பேசும்போது பறை காய்ச்சும் அந்த மதிலோரத்துக்கும் போயாக வேண்டும். பறையும் துடும்பும் அடிப்பவர்களில் பெரும்பாலோர் இங்கே அருந்ததியர். ஊரே அவர்கள் தாளத்துக்கு ஆடும். ஆட்டம் முடிந்தால் தனி இலை, தனி இடம் என்று இருந்த ஊர்கள் பல. நகரத்துப் பிள்ளைகள் உரிமைக் குரலாகப் பறையைக் கையில் எடுத்த அதே காலத்தில், வாத்தியக்காரரின் மகன், சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று பறையைக் கீழே வைத்தான். இரண்டுமே போராட்டம்தான், இரண்டாவதை யாரும் படம் பிடிக்கவில்லை. உள் ஒதுக்கீடு கேட்டு அருந்ததியரும் தெருவில் இறங்கினார்கள், ஊர்வலம் போனார்கள். பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு 2009-இல் சட்டமானது. வழக்கு நடந்து, 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்று உறுதி செய்தது. அந்த மூன்று சதவீதத்தில் படித்து மேலே வந்தவர்கள் இன்று கோவையில் இருக்கிறார்கள். அப்பாவின் பறையைத் தொடுவதும் தொடாததும் அவர்கள் இஷ்டம்.

தொழிலில் நிற்பவர்களுக்கோ நெருக்கடி கூடியிருக்கிறது. கல்யாணத்துக்கும் கும்பாபிஷேகத்துக்கும் பாலக்காட்டுப் பக்கமிருந்து செண்டை மேளம் கூப்பிடுகிறோம். அவர்களுக்கு அட்வான்ஸ் கொடுத்து, வண்டி வைத்து, பந்தியில் உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிறோம். உள்ளூர்த் துடும்பு செட்டோடு மட்டும் பேரம் பேசுகிறோம். காசை ஆட்டம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம். வரும் நோம்பிக்கு ஊர்க்கூட்டம் போடும்போது அவர்களுக்கும் முன்பணமும், அதே பந்தியில் இலையும் என்று முடிவெடுத்துவிட்டு அப்புறம் கம்பத்தை நடுங்கள்.

(தொடரும்)