அச்சேறிய தாளம்

உடப்புக் கடற்கரையிலே கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்களைக் கேளாத பழைய மாணவர் எம்முள் மிகச் சிலரே இருப்பர். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் ஏற்றுப் பாடிக் கயிற்றை இழுப்பர். இழுப்பு விழும் இடமே அப்பாடலின் தாளம். அவற்றை எழுதி வைப்போர் சொற்களை எழுதுகின்றனர். இழுப்பு எவ்வெழுத்தில் விழுகின்றது என்பதைக் குறிப்போர் அரியர். அச்சிலே பாட்டு இருக்கின்றது, கயிற்றைக் காணோம்.

இக்குறை எமது கரைக்கு மாத்திரம் உரியதன்று. போலந்து நாட்டிற் பிறந்த ஷோப்பான் என்னும் பியானோ மேதை 1839 இல் வெளியிட்ட முன்னிசைகள் 24. அவற்றுள் ஒன்பதாவதில், ஒரு தட்டை மூன்றாய்ப் பகுக்கும் சுரங்களும், முக்காலும் காலுமாய்ப் பகுக்கும் சுரங்களும் ஒருங்கே வருகின்றன. கணக்கின்படி அக்காற் சுரம், மூன்றனுள் இறுதிச் சுரத்துக்குப் பின், தட்டின் பன்னிரண்டில் ஒரு பங்கு தாழ்ந்து ஒலித்தல் வேண்டும். ஷோப்பானோ தம் கைப்பிரதியில் இரண்டையும் நேருக்கு நேராக, ஒருங்கொலிக்குமாறு எழுதினார். பின்வந்த பதிப்புகள் பல கணக்கை நம்பி அவற்றைப் பிரித்து வைத்தன.

இனி, எமது இசைக்கு வருவோம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதருக்கு மகள் வயிற்றுப் பேரரும் சுவீகார புத்திரருமாகிய சுப்பராம தீட்சிதர், 1904 இல் எட்டயபுரத்திலிருந்து ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ என்னும் பெருநூலைத் தெலுங்கு எழுத்தில் வெளியிட்டார். அவரைத் தூண்டியவருள் முதல்வர் சின்னசுவாமி முதலியார். 1893 இல் எமது கீர்த்தனங்களை மேனாட்டுச் சுரக்குறியில் அச்சிட்டவர். அக்குறியிற் சுரத்தின் வடிவமே அதன் காலத்தைச் சொல்லும். எமது முறையிலோ எழுத்து வேறு, காலக்குறி வேறு. இடர் அங்கேதான் பிறக்கின்றது.

இக்காலத் தமிழ் இசைநூல்களில் குறிற்சுரம் ஓர் அட்சரம், நெடில் இரண்டு. மேலே ஒரு கோடு இட்டால் அளவு பாதியாகும். இரு கோடு இட்டால் காலாகும். ஈய எழுத்துக்களைக் கையாற் கோத்த நாளில் எழுத்து ஒரு துண்டு, கோடு வேறொரு துண்டு. நான்கு குறில்கள் மேல் நிற்க வேண்டிய கோடு மூன்றின் மேல் மட்டும் நின்றால், இரண்டு அட்சரம் இரண்டரை ஆகிவிடும். ஓரெழுத்து மிகுதியாய்ப் படர்ந்தாலோ, அரை அட்சரம் குறையும். தமிழெழுத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு: மேற்ஸ்தாயிப் புள்ளியை இட்டதும் ‘ச’ மெய்யெழுத்தாகிக் கண்ணை மயக்கும்! சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் பிரதர்சினியைப் பகுதி பகுதியாய்த் தமிழெழுத்தில் வெளியிட்டபோது, தெலுங்கில் எழுத்தோடு ஒட்டி நின்ற நெடிற்குறி ‘கா’, ‘மா’ என்பவற்றில் தனிக்காலாய்ப் பிரிந்து நிற்கலாயிற்று. எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும்போது கோட்டை அளந்து நிறுத்துதல் எளிதன்று.

பிழையினும் கொடியது பிழைதிருத்தம். ஆவர்த்தனத்தில் அட்சரம் குறையக் கண்ட பதிப்பாசிரியர், கோட்டை ஐயுறாது, கடைசிச் சுரத்தை நெடிலாக்கியோ காற்புள்ளி சேர்த்தோ கணக்கை நிரப்பிவிடுவார். அதன்பின் எண்ணிப் பார்ப்பவனுக்கு ஒரு குறையும் தென்படாது.

இளமையில் யானே அவ்வாறு செய்தவன். ரூபக தாளக் கீர்த்தனம் ஒன்றை ஒரு பதிப்பிலிருந்து பாடம் செய்தபோது ஓர் ஆவர்த்தனம் ஆறு அட்சரத்துக்கு அரை குறைந்தது. இறுதிச் சுரத்தை நீட்டி நிரப்பினேன். பல ஆண்டு அவ்வாறே பாடினேன். மூவருக்குக் கற்பித்தும் விட்டேன். கேள்வி வழியாய்ப் பயின்ற முதியவர் ஒருவர் கேட்டுவிட்டு, “தம்பி, சாகித்தியம் அவ்விடத்தில் ஏன் நொண்டுகின்றது?” என்றார். அவர் பாடியதை எழுதிப் பார்த்தேன். நடுவில் ஒரு கோடு ஓரெழுத்துத் தூரம் மிகுந்து ஓடியிருந்தது. கற்றுக்கொண்ட மூவருள் இருவரைத் தேடித் திருத்தினேன். மூன்றாமவர் கடல்கடந்து போய்விட்டார்.

இப்போது எமது மாணவர் சிலர் அம்பாப் பாடல்களைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து வருகின்றனர். நற்செய்தி. அவற்றை நூலாக்கும்போது இழுப்பு விழும் எழுத்தின் மேல் ஒரு சிறு கோடு இடுதல் போதும். ஆயின் அச்சுப்படியை ஒலிப்பதிவோடு ஒப்புநோக்குபவருள் ஒருவரேனும் வலை இழுத்தவராயிருத்தல் வேண்டும்.