கருந்தொண்டைச் சில்லை

சிட்டுக்குருவியைவிடச் சிறியது, நீளம் சுமார் 12 செ.மீ. முகமும் தொண்டையும் கறுத்திருக்கும்; இந்தியாவில் வாழ்வதன் வயிறு இளஞ்சிவப்பு கலந்த பழுப்பாக இருக்கும். தென்காசி வயல்களில் கூட்டமாகக் கதிர் கொத்தும் புள்ளிச் சில்லைக்கு மார்பில் செதில் செதிலாகக் கோடுகள் உண்டு, இதற்கு இல்லை. தடித்த அலகில் புல்விதையை உருட்டி, உமியைத் தள்ளிவிட்டுப் பருப்பை மட்டும் விழுங்கும். அடர்காட்டுக்குள் தேட வேண்டாம். காட்டோரப் புல்வெளியும் புதருமே இதன் இடம். புல்லால் உருண்டையாகக் கூடு கட்டிப் பக்கவாட்டில் வாசல் வைக்கும்.

1863இல் ஜெர்டன் இதை விவரித்து, இலங்கை மருத்துவரும் இயற்கையியலாளருமான கெலார்ட்டின் பெயரைச் சூட்டினார். இந்தப் பறவைக்கு மலை ஒரு தீவு என்றே சொல்லலாம். குற்றாலம் அமைந்த மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்குத் தொடர்ச்சி மலை, இலங்கையின் மலைநாடு ஆகிய மூன்றிலும் வாழ்கிறது; இடைப்பட்ட சமவெளியில் இல்லை. இலங்கைப் பறவையின் வயிற்றில் கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுகள் உண்டு. இந்தியாவில் உள்ளதன் வயிற்றில் அத்தகைய திட்டுகள் இல்லை. இரண்டும் நெடுங்காலம் கலக்காமல் பிரிந்து வாழ்ந்ததை இது காட்டுகிறது. சிறகிருக்கையில் சமவெளியைக் கடக்க முடியாதா என்று கேட்கலாம். முடியும், ஆனால் இது வலசை போகும் பறவையன்று. தீனியும் கூடு கட்டப் புல்லும் ஒரே சரிவில் கிடைக்கும்போது, மலையை விட்டு இறங்க அதற்குத் தேவை எழுவதில்லை.