ஆடும் பள்ளிக்கூடம்!

நீலகிரியில் கடல் இல்லை. ஆனால் அங்கே கடற்படை அதிகாரிகளைப் பார்க்கலாம்!

குன்னூரை அடுத்த வெலிங்டனில் முப்படை அதிகாரிகளுக்கான கல்லூரி இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 6 ஆயிரம் அடி உயரம். பல ஆண்டுகள் வேலை பார்த்த அதிகாரிகள் மேல் படிப்புக்காக அங்கே வருகிறார்கள்.

கப்பல் ஓட்டும் அதிகாரிகளுக்கு முதல் பள்ளிக்கூடம் மலையில் இல்லை. பயிற்சிக் கப்பலில் ஏறிக் கடலுக்குப் போனால்தான் அந்த வேலை கிடைக்கும். கொச்சித் துறைமுகத்தைச் சேர்ந்த "தரங்கிணி" அப்படி ஒரு கப்பல்.

கோவாவில் கட்டிய கப்பல் இது. 1997-ம் ஆண்டு நவம்பர் 11-ந் தேதி கடற்படையில் சேர்ந்தது. நீளம் 54 மீட்டர். மூன்று பாய்மரங்கள் உண்டு. என்ஜினும் இருக்கிறது. ஆனாலும் நல்ல காற்று அடித்தால் பாய்தான்!

பாய் எதற்கு?

ராக்கெட் பறக்கும் காலத்தில் பாய்மரம் எதற்கு? நியாயமான கேள்விதான்.

என்ஜின் கப்பலில் காற்றைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பாய்க் கப்பலில் அப்படி இருக்க முடியாது. காற்று திரும்பினால் பாயையும் திருப்ப வேண்டும். பெரிய பாயின் கயிற்றை ஒருவராக இழுக்க முடியாது. பலர் சேர்ந்து, ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். சிலர் கையை விட்டால் மற்றவர்களின் உள்ளங்கையைக் கயிறு அறுத்துவிடும்.

பாயைச் சுருட்ட வேண்டுமானால் மரத்தில் ஏற வேண்டும். அதுதான் பெரிய சோதனை! குறுக்கே கட்டிய கழியில் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். காலுக்குக் கீழே ஒரு கயிறுதான். தளத்தில் நிற்பவருக்குக் கப்பல் லேசாக ஆடுவது போலத் தெரியும். உச்சியில் இருப்பவரோ ஊஞ்சல் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருவார். கீழே பார்த்தால் தண்ணீர்! இடுப்பில் பாதுகாப்பு வார் உண்டு. இருந்தாலும் முதல் நாள் கால் நடுங்காதவர் யார்?

"ஒரு கை கப்பலுக்கு, ஒரு கை உனக்கு." இது பாய்க் கப்பல் மாலுமிகளின் பழைய சட்டம்.

நள்ளிரவுக் காவல்

முதல் சில நாட்கள் பலருக்குக் குமட்டும். சாப்பாட்டு வாசனையே பிடிக்காது. அதற்காகப் படுத்துவிட முடியாது. முறை வந்தால் எழுந்து காவலுக்குப் போகவேண்டும்.

காவல் முறை வேடிக்கையானது. ஒரு காவல் 4 மணி நேரம். அப்படியே பிரித்தால் ஒரு நாளைக்கு 6 காவல். மூன்று குழுக்கள் இருந்தால், ஒரே குழுவுக்குத் தினமும் நள்ளிரவுக் காவல் வந்து சேரும். பாவம் அல்லவா? ஆகவே மாலை 4 மணி முதல் 8 மணி வரை உள்ள காவலை மட்டும் இரண்டாக வெட்டிவிட்டார்கள், அந்தக் காலத்து மாலுமிகள். இப்போது 7 காவல். தூக்கம் கெடும் முறை தானாகவே மாறிக்கொண்டு வரும்!

உலகைச் சுற்றியது

2003-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி "தரங்கிணி" கொச்சியில் இருந்து புறப்பட்டது. உலகத்தையே சுற்றிவிட்டு, 2004-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி திரும்பியது. உலகைச் சுற்றிய முதல் இந்தியக் கடற்படைக் கப்பல் இதுதான்.

போன தூரம் சுமார் 33 ஆயிரம் கடல் மைல். அதாவது 61 ஆயிரம் கிலோமீட்டர். மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் 1,300 தடவைக்கு மேல் ஏறினால்தான் அந்தக் கணக்கு வரும்!