நாங்கள் எத்தனை பேர்? கவுன்சில் கேட்ட கேள்வி

2023 இலையுதிர் காலத்தில் எங்கள் முதியோர் சங்கம் கவுன்சிலிடம் நிதி கேட்டு விண்ணப்பித்தது. பெரிய தொகை இல்லை. கிழமையில் மூன்று நாள் ஒரு மண்டபம், மத்தியானச் சாப்பாடு, கடிதம் வாசித்துச் சொல்ல ஒரு ஆள். விண்ணப்பத்தில் "இந்தப் பகுதியில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் வாழ்கின்றனர்" என்று எழுதியவன் நான்தான். ஆறு கிழமையில் பதில் வந்தது. தேவைக்கான ஆதாரம் போதாதாம்.

கோபம் வந்தது. கோயில் தேருக்கு வந்து பாருங்கோ எண்டு சொல்லத் தோன்றியது. அந்த நேரம் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, இந்த 20 ஆயிரம் எங்க இருந்து வந்தது?"

யோசித்துப் பார்த்தேன். தலைவர் சொன்னவர். தலைவருக்கு யார் சொன்னது? பத்து வருடத்துக்கு முன்னர் ஏதோ ஒரு கூட்டத்தில் யாரோ சொன்னது. அவ்வளவுதான்.

அன்றிரவு அவள் கணினியில் நோமிஸ் என்ற தளத்தைத் திறந்தாள். தேசியப் புள்ளிவிபர அலுவலகத்துக்காக டர்ஹாம் பல்கலைக்கழகம் நடத்துவது. காசு இல்லை. 2021 மார்ச் 21 அன்று எடுத்த குடிசன மதிப்பீட்டின் அட்டவணைகள் அங்கே கிடக்கின்றன. ஒரு இடத்தைத் தேர்ந்தால் அங்கே எத்தனை பேர், என்ன வயது, எந்த நாட்டில் பிறந்தவர்கள், வீடு சொந்தமா வாடகையா எல்லாம் வரும். பிரதான மொழி என்ற அட்டவணையில் தமிழ் தனி வரியாக இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 2011இல் சுமார் ஒரு லட்சம் பேர் தமிழ் என்று பதிந்திருந்தார்கள். 2021இல் அது ஒன்றேகால் லட்சம் அளவுக்கு வந்திருக்கிறது. எங்கள் பரோவின் எண்ணைப் பார்த்தேன். நான் எழுதிக் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

"பிழையா எண்ணியிருக்கிறாங்கள்" என்றேன். அவள் சிரித்துவிட்டு, அப்போது கேட்கப்பட்ட கேள்வியை எடுத்துக் காட்டினாள். இந்த இடம்தான் எல்லோரும் கவனிக்க வேண்டியது.

படிவத்தில் "உங்கள் தாய்மொழி என்ன" என்று கேட்கவில்லை. "உங்கள் பிரதான மொழி என்ன" என்றுதான் கேட்டார்கள். ஆங்கிலம் என்று ஒரு பெட்டி. மற்றது என்றால் எழுத வேண்டும். எங்கள் வீட்டுப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். பிள்ளைகள் இருவருக்கும் ஆங்கிலம் என்று அடித்தேன், அது உண்மையும்தான். எனக்கும் மனைவிக்கும்கூட ஆங்கிலம் என்றே அடித்தேன். வேலைக்குப் போகிறோம், பேசுகிறோம், ஏன் குறைத்துக் காட்டுவான் என்ற எண்ணம். பிழை அதோடு நிற்கவில்லை. எங்களோடு இருக்கும் என் மாமிக்கும் அதே கையோடு அதே பெட்டி.

"ஆங்கிலம் எவ்வளவு நன்றாகப் பேசுவீர்கள்" என்பது அடுத்த கேள்வி. அது ஆங்கிலம் என்று அடித்தவர்களுக்கு இல்லை. அவர்கள் அதைத் தாண்டிப் போய்விட வேண்டும். ஆகவே, ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை பேச மகளைத் தேடும் என் மாமி, அரசாங்கக் கணக்கில் ஆங்கிலம் பேசும் பெண்மணி. அவருக்காகத்தான் நான் கவுன்சிலிடம் மொழிபெயர்க்க ஆள் கேட்டேன்.

பிறந்த நாட்டு அட்டவணையை வைத்துத் தமிழரை எண்ணலாமே என்று சிலர் கேட்பார்கள். முழுதாக முடியாது. இலங்கையில் பிறந்தவர்களில் சிங்களவரும் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். ஜேர்மனி, பிரான்ஸ், நோர்வே வழியாக இங்கே வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அந்தந்த நாட்டுக் கணக்கில் விழுவார்கள். இனக்குழுக் கேள்வியில் தமிழருக்குப் பெட்டி இல்லை. எங்கள் சங்கத்திலேயே கேட்டுப் பார்த்தேன். ஒருவர் ஸ்ரீலங்கன் என்று எழுதினாராம், ஒருவர் தமிழ், இன்னொருவர் இந்தியன் பெட்டியில் அடித்தாராம். ஆக ஒரு அட்டவணையை மட்டும் நம்பக்கூடாது, நாலைந்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் தொகையைக் குறைத்த வேறொரு காரணமும் உண்டு. அதைப் புள்ளிவிபரக்காரர் அறிய மாட்டார்கள். சங்கத்தில் எண்பதைத் தொடும் ஐயா ஒருவர் இருக்கிறார். அவர் படிவத்தில் தன் பெயரையே போடவிடவில்லை. "83இல வாக்காளர் பட்டியலை வச்சுக்கொண்டுதான் தம்பி வீடு வீடா வந்தவங்கள். திரும்பவும் பட்டியலில பேர் குடுக்கச் சொல்லுறியோ?" என்றார். கொழும்பில் அந்த யூலையைக் கண்டவருக்கு நான் என்ன சட்டம் சொல்வது? தனிநபர் விபரம் இங்கே 100 வருடம் பூட்டி வைக்கப்படும், 1921ஆம் ஆண்டுப் பதிவுகளே 2022 ஜனவரியில்தான் வெளியே வந்தன என்று சொன்னேன். கேட்டுவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார். மேல்மாடி அறைகளை வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகளில் பதியாமல் விட்டவர்கள் வேறு ரகம். அதைப் பற்றி எழுதப் போனால் எனக்கு வீட்டுக்குள்ளேயே எதிரிகள் வருவார்கள்.

இரண்டாவது விண்ணப்பத்துக்கு நாங்கள் வேறு வழியில் போனோம். மொத்தத் தமிழர் தொகையை விட்டுவிட்டோம். புள்ளிவிபர அலுவலகத்தின் தளத்தில் நாமே அட்டவணை அமைக்கும் வசதி இருக்கிறது. வயது, மொழி, ஆங்கிலத் திறன் என்று தேர்ந்து சேர்க்கலாம். சிறிய இடமாகப் போகப் போகச் சில கலவைகளைத் தளமே மறுத்துவிடும், ஆட்களை அடையாளம் காண முடியாமல் இருக்க. சின்ன எண்களைக் கொஞ்சம் மாற்றியும் வைப்பார்கள். ஒரு தெருவில் மூன்று பேர் என்று வந்தால் அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். நாங்கள் பரோ அளவில் மொழியை எடுத்தோம். பிறகு ஐயாயிரம் முதல் பதினைந்தாயிரம் பேர் வரை அடங்கும் நடுத்தரப் பகுதிகளாகப் பிரித்து, மண்டபத்துக்கு நடந்து வரக்கூடிய நான்கு பகுதிகளைப் பார்த்தோம். இந்தப் பகுதிகள் தேர்தல் வட்டார எல்லைகளோடு ஒத்துப் போகா. 2022 தேர்தலோடு லண்டனில் பல வட்டாரங்களின் எல்லை மாறிவிட்டது. முதல் தரம் இதிலும் நான் பிழை விட்டேன்.

தமிழ்ப் பிள்ளைகளின் எண்ணிக்கைக்குப் பள்ளிக்கூடங்கள் பதியும் முதல் மொழி விபரம் உதவும். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கவுன்சிலுக்கு மின்னஞ்சல் போட்டோம். 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். 19ஆவது நாள் வந்தது.

பிறகு கையால் ஒரு கணக்கெடுப்பு. சங்கத்து 64 பேரிடமும், உங்கள் படிவத்தில் என்ன மொழி எழுதப்பட்டது என்று கேட்டோம். பாதிக்கு மேற்பட்டோர், தெரியாது, மகன் நிரப்பினவன் என்றார்கள். அந்த வரியையும் விண்ணப்பத்தில் அப்படியே சேர்த்தோம், அரசாங்க எண் ஏன் குறைவு என்பதற்கு விளக்கமாக. 20 ஆயிரத்தை எடுத்துவிட்டுச் சிறிய எண்ணைப் போட்டபோது தலைவருக்கு முகம் சுருங்கிப் போச்சு. "எங்களை நாங்களே குறைக்கிறம்" என்றார்.

மூன்று நாள் கேட்டதற்கு இரண்டு நாள் கிடைத்தது. செவ்வாயும் வியாழனும். மாமி வியாழன் போகிறார்.

அடுத்த குடிசன மதிப்பீடு 2031இல். அதற்குள் ஒரு தமிழ்ப் பள்ளியிலோ கோயில் மண்டபத்திலோ படிவத்தைப் பெரிதாக அச்சடித்துக் காட்டி, அந்த மொழிக் கேள்வியை மட்டும் பத்து நிமிடம் விளக்கினால் போதும். ஐயாவிடம் வரச் சொல்லியிருக்கிறேன். "உயிரோட இருந்தாப் பார்ப்பம்" என்றார், பேர் போடுவதைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.