மோகனூர் ஆலையும் 14 நாள் கணக்கும்

கரும்பு நமக்குப் புதிய பயிரல்ல. தகடூர் அதியமானின் முன்னோரே அதனை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தனர் என்று அவ்வையார் புறநானூற்றில் பாடுகிறார். தகடூர் எது? இன்றைய தருமபுரி. 1965 வரை சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த ஊர்!

கரும்பு இருந்தது, காவிரி இருந்தது, ஆலை இல்லை. ஜேடர்பாளையத்திலிருந்து வரும் இராஜவாய்க்கால் பாய்ந்த வயல்களில் விளைந்ததெல்லாம் கொப்பரையில் காய்ந்து வெல்லமாயிற்று. விலை சொன்னவன் வியாபாரி. தலையாட்டியவன் உழவன்.

1950-ல் மராட்டியத்துப் பிரவரா நகரில் உழவர்களே பங்கு போட்டுக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை கண்டனர். அந்தக் காற்று தமிழகத்திலும் வீசிற்று. 1960-களில் மோகனூரில் எழுந்தது சேலம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. ஆலையின் பெயரில் மட்டும் சேலம் நிலைத்துவிட்டது.

ஐரோப்பாவைப் பாருங்கள், தோழர்களே! அங்கே குளிர், கரும்பு விளையாது. ஆகார்ட் என்ற அறிஞர், பிரஷ்ய அரசரின் பொருளுதவியோடு, சிலேசியாவில் 1801-ல் பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்க ஆலை கட்டினார். ஆங்கிலேயர் கடலை அடைத்தனர். கரும்புச் சர்க்கரை வரவில்லை. 1811-ல் நெப்போலியன் கிழங்கு பயிரிட ஆணையிட்டான். போர் ஓய்ந்தது, கப்பலில் சர்க்கரை வந்தது, கிழங்கு ஆலைகள் பல மூடின. பின்னர் அவை தலைதூக்கியது எதனால்? அரசுகள் சுங்கவரி போட்டுக் காத்ததனால்.

நம் ஆலைக்குக் காவல் எது? சட்டம் இருக்கிறது. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது: கரும்பு வந்த 14 நாளில் பணம் தரவேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. ஏன் இந்தக் கண்டிப்பு? நெல்லைப் போல் கரும்பைக் குதிரில் கொட்டி வைத்து விலை பேச முடியாது. வெட்டிய நாள் முதலே எடை குறையும், சர்க்கரையும் குறையும். வெட்டு உத்தரவு வந்தால் வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டுக்கூலியை அன்றே எண்ணி வைக்கவேண்டும். ஆலைப் பணம் மட்டும் ஆடி அசைந்து வரலாமா?

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு குறித்த விலை டன்னுக்கு 3,550 ரூபாய். அதுவும் சர்க்கரைக் கட்டுமானம் 10.25 சதவீதம் இருந்தால்! 9.5-ம் அதற்குக் கீழும் என்றால் 3,290 ரூபாய் 50 காசுதான். தமிழக ஆலைகள் பலவற்றின் நிலை இதுவே. இந்தத் தொகையும் தவணை தாண்டினால் உழவன் என்ன செய்வான்? பிலிக்கல்பாளையம் சந்தைக்கு வெல்லமாய்க் கொண்டுபோவான். அல்லது கரும்பையே விட்டு மரவள்ளி நடுவான். அவனை நாம் குறை சொல்லோம்.

கரும்பு குறைந்தால் அரவை நாள் குறையும். அரவை குறைந்தால் முதலில் வேலை இழப்பவன் பருவத் தொழிலாளி. 2011-12-ல் ஏறத்தாழ 24 இலட்சம் டன் சர்க்கரை தந்த தமிழகம், வறட்சிக்குப் பின் 2017-18-ல் ஏறத்தாழ 7 இலட்சம் டன்னுக்கு இறங்கியது. வானம் பொய்த்தது உண்மை; ஆனால் பாக்கி வைத்தது வானமல்ல!

ஆகவே கேட்கிறோம்: தமிழகத்து ஒவ்வோர் ஆலை வாசலிலும் ஒரு பலகை தொங்கட்டும். எந்தத் தேதி வரை வந்த கரும்புக்குப் பணம் கொடுத்தாயிற்று என்று அதில் நாள்தோறும் எழுதட்டும். உள்ளே போகும் தொழிலாளியும், வண்டியோடு நிற்கும் உழவனும் ஒன்றாகப் படிக்கட்டும்.